பாக்கி நின்ற அதிகாரங்கள்

கடந்த ஜூலை மாதம் இரண்டாவது வாரத்தில் காசிமேட்டில் ஒரு வீட்டுச் சந்திப்புக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா மீன் விற்பவர். அவருடைய கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சில மாதங்களாக அந்த அம்மா ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வந்தாலும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவதைக் கவனித்திருந்தேன். வீட்டில் ஏதோ சச்சரவு, அல்லது சபையில் யாரோடோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். காரணம் கேட்டதும் அவர் அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்து, அதற்குள் செருகியிருந்த ஒரு வருட வாசிப்பு அட்டையை என் கையில் கொடுத்தார். ஜனவரி 1 முதல் ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையால் போட்ட அடையாளம், லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே பென்சிலால் கூட்டல் கணக்குப் போட்டு, அழித்து, மறுபடியும் போட்டிருந்தார். “500 அதிகாரத்துக்கு மேல பாக்கி நிக்குது ஐயா. அத முடிக்காம எந்த மூஞ்சிய வச்சிக்கினு பந்திக்கு வர்றது?” என்றார்.

22 வருட ஊழியத்தில் இதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். இந்த ஆண்டில் மட்டும் இவர் ஐந்தாவது ஆள். வேதத்தை நேசித்து, வாசிக்க விரும்பி, அந்த விருப்பத்தினாலேயே ஆண்டவருடைய பந்தியை விட்டு ஒருவர் விலகி நிற்கிறார் என்றால், எங்கோ நாங்கள் பெரிய தவறு செய்திருக்கிறோம். ஆகவே அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

தண்டல் என்றால் என்னவென்று வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாள்தோறும் கட்டி அடைக்கும் கடன் அது. ஒரு நாள் கட்டத் தவறினால் மறுநாள் இரண்டு நாள் பணத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். அதுவும் தவறினால் தண்டல்காரர் வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். நம் மக்கள் வேதவாசிப்பை அப்படியே தண்டலாக்கிவிட்டார்கள். இன்றைய 3 அதிகாரத்தைத் தவறவிட்டால் நாளைக்கு 6, வாரம் தவறினால் 23, பிறகு கதவைச் சாத்திக்கொள்வது. வேதம் வாசிக்காத நாட்கள் ஆண்டவரிடம் கடனாக ஏறிக்கொண்டிருக்கின்றன என்றும், அதை அடைத்தால்தான் அவர் முகத்தில் விழிக்கலாம் என்றும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் வேதத்தில் எங்கும் இல்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருக்கிறேன். ஆயினும் இன்னொரு முறை விரிவாகவே சொல்கிறேன்.

நம் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. வார நாட்களில் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். இது வெறும் வகுத்தல் கணக்கு, கட்டளை அல்ல. அந்த அதிகாரப் பிரிவுகளையே எழுதினவர்கள் போடவில்லை. நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பவரால் ஏற்பட்டதென்று சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டு வசன எண்களை 1551-இல் அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியென். பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது நான்கு அதிகாரம் எழுதவில்லை. ஒரு கடிதம் எழுதினார், அது சபையில் ஒரே அமர்வில் உரக்க வாசிக்கப்பட்டது. அன்றைய விசுவாசிகளில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு சுருள்கூடக் கிடையாது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்ததே 1715-இல்தான். வீட்டுக்கொரு வேதாகமம் என்பது அதற்கும் வெகு காலம் கழித்து வந்த பாக்கியம். அந்தப் பாக்கியம் இல்லாமலே வாழ்ந்து, கேட்டதை மனதில் வைத்து மரித்த எத்தனையோ தலைமுறைகள் ஆண்டவருக்குக் கடன்பட்டா போனார்கள்?

ஒரு வருட அட்டவணைகளில் மிகவும் பேர்பெற்ற ஒன்றை 1842-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மர்ரே மக்செயின் என்ற இளம் போதகர் தம் சபையாருக்காக வகுத்தார். பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் ஒரே வருடத்தில் முடியும்படியான அட்டவணை அது. அதைக் கையில் கொடுக்கும்போதே அவர் அதன் ஆபத்துகளையும் சொன்னார்: இது வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதியைப் பிறப்பிக்கலாம், கவனமில்லாமல் வாசிக்கப் பழக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அட்டவணையை எடுத்துக்கொண்ட நாம் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து போகும்போது வாசலில் அட்டையைக் கொடுக்கிறோம்; மார்ச் மாதத்தில் எப்படிப் போகிறது என்று யாரிடமும் கேட்பதில்லை. சக ஊழியர்களே, இதில் என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

திருவிருந்துக்கு வராமல் அந்த அம்மாவைத் தடுத்தது, ஒவ்வொருவனும் தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று 1 கொரிந்தியர் 11-இல் பவுல் எழுதினது. அதே அதிகாரத்தில் அதற்கு முந்தின சில வசனங்களைப் பார்த்தால், பவுல் எதைக் குறித்து அப்படி எழுதினார் என்பது தெரியும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறியாயிருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள். சோதித்தறிய வேண்டியது அதைத்தான். எத்தனை அதிகாரம் வாசித்தாய் என்ற கேள்வி அங்கே இல்லவே இல்லை.

“இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்” என்ற முதலாம் சங்கீதத்தை எடுத்துக்காட்டி என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. தியானம் என்று நாம் வாசிக்கும் அந்த எபிரெயச் சொல் ‘ஹாகா’. தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது என்பது அதன் பொருள். ஒரு வார்த்தையை வாயில் வைத்து, வேலையினூடே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதே அது. 3 அதிகாரத்தை 12 நிமிடத்தில் ஓட்டி முடித்துக் கட்டத்தில் அடையாளம் போடுகிறவரை விட, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வசனத்தை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறவர் அந்தச் சங்கீதத்துக்கு நெருக்கமானவர்.

கடன் ஏறி மனம் சோர்ந்தவர்கள் அடுத்ததாகப் பற்றிக்கொள்வது, வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை. அதற்கும் மேலே போய், கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட இடத்தை இன்றைய வார்த்தை என்று எடுத்துக்கொள்வது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற எரேமியா 29:11 நம் பகுதியில் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்குகிறது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்று எழுதியிருப்பதை அந்த வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த நம்பிக்கையைக் கொடுக்கிறார் ஆண்டவர். முழுக் கடிதத்தையும் வாசித்தவர், வேலை இந்த வருடமே கிடைக்கவில்லை என்று விசுவாசம் இழப்பதில்லை. அட்டையில் ஒரு வரி மட்டும் வாசித்தவர் இழக்கிறார். டிசம்பரில் அவரைத் தேற்ற நாங்கள்தான் போகிறோம்.

சரி, எப்படித்தான் வாசிப்பது? ஒரு புத்தகத்தை எடுத்து, முடியும் வரை அதிலேயே இருங்கள். தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பது மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள்தான், ஓட்டமான கதை. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். அதிகாரம் முடிந்தாக வேண்டும் என்பதில்லை. பிறகு பிலிப்பியர், பிறகு ரூத், பிறகு ஆதியாகமம். கூடவே நாளுக்கு ஒரு சங்கீதம் வைத்துக்கொள்ளலாம். 117-ஆம் சங்கீதத்தில் 2 வசனங்களே உள்ளன, 119-இல் 176 உள்ளன, அதைப் பல நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம். லேவியராகமத்தை வாசிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குஷ்டத்தை ஆசாரியன் எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று 59 வசனங்களில் சொல்லும் 13-ஆம் அதிகாரத்தை வழித்துணை இல்லாமல், அதுவும் வருடத்தின் இரண்டாவது மாதத்திலேயே, ஒருவர் தலையில் ஏற்றாதீர்கள் என்கிறேன். அதைச் சுவிசேஷம் வாசித்த பிறகு வாசித்தால், குஷ்டரோகியை இயேசு தொட்டார் என்ற ஒரு சொல் எத்தனை பெரியது என்று விளங்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாலையில் வாசிப்பதே பரிசுத்தம் என்று பிரசங்கிக்கிறவர்கள், காசிமேடு துறைமுகத்துக்கு ஒருமுறை பின்னிரவில் வந்து பார்க்க வேண்டும். ஊர் தூங்கும் நேரத்தில் ஏலம் எடுத்துக் கூடையைத் தூக்குகிறவரிடம் 5 மணி அமைதி நேரம் பற்றிப் பேசுவது இரக்கமற்ற பேச்சு. மணலியில் இரவுப் பணி பார்ப்பவருக்கும், கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க விடியுமுன் கொருக்குப்பேட்டை நிலையத்துக்கு ஓடுகிறவருக்கும் அது பொருந்தாது. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்பது உண்மை. இராச்சாமங்களில் தியானிக்கிறேன் என்று 63-ஆம் சங்கீதம் சொல்வதும் உண்மை. உங்கள் நாளில் யாரும் உங்களைத் தேடாத கால்மணி நேரம் எது என்று பாருங்கள். பகல் 11 மணியானாலும் அதையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். கைப்பேசியில்தான் வாசிக்கிறீர்கள் என்றால் இணையத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலி வேதாகமம் கேளுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கமே வாசிக்கிறவனோடு கேட்கிறவர்களையும் பாக்கியவான்கள் என்கிறது. பழைய மொழிபெயர்ப்பு புரியவில்லை என்றால், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பகுதியை ஒப்பிட்டு வாசியுங்கள். அப்படிச் செய்வது துரோகம் என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் கையிலிருந்த வேதாகமமே, முந்தைய மொழிபெயர்ப்புகளை அந்தக் காலத்து மக்களுக்கு விளங்கும்படி திருத்தித் திருத்தி வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டில் நம் வேப்பேரியில் உட்கார்ந்து, வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனெரி ஃபப்ரீஷியஸ் ஐயர் பாடுபட்டதும் அதற்காகத்தான்.

ஒரு நாள் தவறினால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். ஒரு மாதம் தவறினாலும் அவ்வளவுதான். சேர்த்து வாசித்து அடைக்காதீர்கள். பென்சிலால் கணக்குப் போடாதீர்கள். பெற்றோர்களே, அதிகாரம் முடித்தால்தான் சாப்பாடு என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். அப்படி வளர்ந்தவர்கள் 30 வயதில் வேதத்தைக் கண்டாலே உள்ளுக்குள் நடுங்குவதை நான் ஆலோசனை அறையில் பார்க்கிறேன்.

இன்னொன்று, ஊழியர்கள் கவனிக்க வேண்டியது. சில வேளைகளில் ‘வேதம் வாசிக்க முடியவில்லை’ என்று ஒருவர் அழும்போது, அவரால் தூங்கவும் முடியவில்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை, எதிலும் நாட்டம் இல்லை என்பது கேட்டால்தான் வெளியே வரும். அவருக்கு அட்டவணை கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கூடவே உட்கார்ந்து 88-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுங்கள். ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமல் இருளிலேயே முடியும் சங்கீதம் அது. அப்படிப்பட்டவர்களுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று அவர்கள் அறிய வேண்டும்.

அந்த அம்மாவிடம் அன்றைக்கு நான் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமாகிய 61 நாட்களில் பாக்கியை எல்லாம் முடித்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தாராம். தொழில் இல்லாத அந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு வாங்கின கடனே கழுத்தை நெரித்தது. அதோடு இந்தக் கணக்கும் சேர்ந்துகொண்டது. அடுத்த திங்கள் முதல், சந்தை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சம்பவம், பள்ளி விடுமுறை நாட்களில் மகள் வாசிக்க அவர் கேட்பது என்று பேசி முடிவு செய்தோம். வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் திருவிருந்துக்கு வந்தார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் பகலில் தொலைபேசியில் அழைத்தார். ஆறாம் அதிகாரத்தில் எதிர்க்காற்றில் சீஷர்கள் துடுப்பு வலித்து வருத்தப்படுவதை இயேசு கண்டு, நாலாம் ஜாமத்தில் கடலின்மேல் நடந்து வந்தார் என்ற பகுதியை வாசித்திருக்கிறார். “நாலாம் ஜாமம்னா எத்தன மணி ஐயா?” என்று கேட்டார். விடியற்காலை 3 மணியிலிருந்து 6 மணி வரை என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. “அந்நேரத்துக்கு எங்க வீட்டுக்காரரு கடல்லதான் இருப்பாரு” என்றார். பிறகு, நாளைக்கும் இதையே வாசிக்கலாமா, அடுத்ததற்குப் போயே ஆக வேண்டுமா என்று தயங்கிக் கேட்டார். நாளைக்கும் இதையே வாசியுங்கள், போதும் என்று தோன்றும் வரை வாசியுங்கள் என்றேன்.