டொயோட்டாவின் பெயரும், பழுதைக் கண்டால் நிறுத்தும் பழக்கமும்

பாவித்த வாகனங்களை வாங்க விரும்புவோருக்காக அவற்றைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என்னுடைய தொழில். இலங்கையின் வட மாகாணத்தில் என்னிடம் வருவோரில் பலர், நான் பொனற்றைத் திறப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். டொயோட்டா என்றால் எஞ்சின் போகாது, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், விற்கும்போது போட்ட பணம் திரும்பி வரும் என்ற மூன்று நம்பிக்கைகளோடு வரும் அவர்களுக்கு என் அறிக்கை வெறும் சம்பிரதாயம்தான். அந்த நம்பிக்கைகளுக்கு ஆதாரம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயர் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று தெரியாமல் பெயரை மட்டும் நம்பி வாங்கியவர்கள், பல இலட்சம் ரூபாயை இழந்து நிற்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆகவே இந்த நிறுவனத்தின் வரலாற்றை, வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

டொயோட்டா தறியிலிருந்து பிறந்த நிறுவனம். சகிச்சி டொயோடா 1867இல், இன்று ஷிசுவோகா மாநிலத்தின் கொசாய் நகரத்துக்குள் அடங்கும் ஒரு சிற்றூரில், தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த அவர், 1891இல் மரத்தாலான கைத்தறி ஒன்றுக்குத் தம் முதல் காப்புரிமையைப் பெற்றார். சில ஆண்டுகளில் விசைத்தறியையும் உருவாக்கினார். விசைத்தறியோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது. கைத்தறியில் நூல் அறுந்தால் நெய்பவரின் கை அதை உடனே உணரும். விசைத்தறியோ அறுந்த நூலோடு தொடர்ந்து ஓடி, முழம் முழமாகப் பழுதான துணியை நெய்து தள்ளும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறியின் பக்கத்திலும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டியிருந்தது. நூல் அறுந்த கணத்தில் தறி தானாகவே நின்றுவிடும்படியான பொறிமுறையைச் சகிச்சி தம் தறிகளில் பொருத்தினார். 1924இல் வெளிவந்த ஜி வகைத் தானியங்கித் தறியில் இந்த முயற்சி முழுமை பெற்றது. அதன்பின் ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. உலகெங்கும் நெசவு இயந்திரங்களை விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனமே 1929இல் இந்தத் தறியின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது.

பழுது தோன்றினால் வேலை நிற்க வேண்டும், நின்ற இடத்திலேயே காரணத்தைத் தேட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை, பிற்காலத்தில் டொயோட்டா ஜிடோக்கா என்ற பெயரில் தன் தொழிற்சாலை முழுவதற்கும் விதியாக்கியது. நான் இந்த நிறுவனத்தை மதிப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

சகிச்சியின் மகன் கீச்சிரோ, தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். தறித் தொழிற்சாலைக்குள்ளேயே 1933இல் வாகனப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அமெரிக்க வாகனங்களைக் கழற்றிப் படித்து, 1935இல் ஜி1 என்ற லொறியையும் 1936இல் ஏஏ என்ற காரையும் வெளியிட்டார். 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் தனி நிறுவனமாயிற்று. அந்த முதல் லொறிகள் அடிக்கடி வீதியில் நின்றன. பழுதான லொறி நிற்கும் இடத்துக்கே ஆட்களை அனுப்பித் திருத்திக் கொடுத்ததோடு, அங்கே கண்ட குறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து அடுத்த லொறியில் நீக்கிக்கொண்டே போனார்கள். அசையாத உறுதியுடைய வாகனங்களைத் தொடக்கம் முதலே செய்தவர்கள் என்ற பரவலான எண்ணம் உண்மைக்குப் பொருந்தாது.

போருக்குப் பின் 1949இலும் 1950இலும் நிறுவனம் வங்குரோத்தின் விளிம்புக்குப் போனது. பெருந்தொகையான தொழிலாளர்கள் வேலையை விட்டு விலக நேர்ந்தபோது, கீச்சிரோ அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார், 1952இல் காலமானார். கொரியப் போருக்காக அமெரிக்கப் படை கொடுத்த லொறிக் கட்டளைகளே நிறுவனத்தை அப்போது கரையேற்றின. அதே 1950இல் கீச்சிரோவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஐஜி டொயோடா அமெரிக்காவுக்குச் சென்று ஃபோர்டின் பெருந்தொழிற்சாலையைப் பார்வையிட்டார். அந்த அளவில் முதலீடு செய்யப் பணமும் இல்லை, அந்த அளவில் வாங்க ஜப்பானில் ஆட்களும் இல்லை. இந்தப் பற்றாக்குறைக்குள் வழி கண்டவர் தாயிச்சி ஓனோ. நெசவு ஆலையிலிருந்து வாகனப் பிரிவுக்கு மாறி வந்த அவர், தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவில் மட்டும் வந்து சேரும் முறையை, இயந்திரக் கூடத்தில் தொடங்கிப் படிப்படியாக நிறுவினார். கையிருப்பு குறைந்ததும், அதுவரை குவியலுக்குள் மறைந்திருந்த பழுதான பாகங்கள் உடனே வெளிப்பட்டன. பொருத்தும் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை ஒன்றைக் கண்டால் கயிற்றை இழுத்து எச்சரிக்கை விளக்கை எரியவிடலாம். தீர்வு கிடைக்காவிட்டால் வரிசையே நின்றுவிடும். உற்பத்தி நின்றால் மேலாளருக்கு உயிர் போகும் மற்ற வாகனத் தொழிற்சாலைகளோடு ஒப்பிட்டால், கடைநிலைத் தொழிலாளியின் கையில் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது எவ்வளவு துணிவான முடிவு என்பது விளங்கும்.

1957இல் அமெரிக்காவில் விற்பனை நிறுவனத்தைத் தொடங்கிக் கிரவுன் காரைக் கொண்டுபோனார்கள். ஜப்பானின் கரடுமுரடான வீதிகளுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கார், அமெரிக்க நெடுஞ்சாலைகளின் தொடர் வேகத்தைத் தாங்கவில்லை. எஞ்சின் சூடேறியது, வாகனம் அதிர்ந்தது. 1958ஆம் ஆண்டு முழுவதும் விற்றவை 287 கிரவுன் கார்கள் மட்டுமே. சில ஆண்டுகளில் கார் ஏற்றுமதியை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, குறைகளைப் படித்து, 1965இல் கொரோனாவோடு திரும்பிப் போனார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு வந்தது கொரோலா. அதன் தலைமைப் பொறியியலாளர் தத்சுவோ ஹசெகாவா முன்பு விமானங்களை வடிவமைத்தவர். எந்த அம்சத்திலும் 80 புள்ளிக்குக் குறையக்கூடாது, எதிலும் தோல்வி இருக்கக்கூடாது, சிலவற்றில் மட்டும் அதற்கும் மேலே போக வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. கொரோலாவை ஓட்டிப் பார்த்தவர்கள் அதில் மனத்தை அள்ளும் சிறப்பு ஒன்றும் இல்லை என்று குறை சொல்வதுண்டு. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய வாகனங்களை நாள்தோறும் திறந்து பார்க்கும் எனக்கோ, அந்த 80 புள்ளியின் அருமை வேறுவிதமாகத் தெரிகிறது. ஒரு பாகம் மிகச் சிறப்பாகவும் இன்னொன்று மலிவாகவும் இருக்கும் வாகனத்தை வீதியில் நிறுத்துவது அந்த மலிவான பாகம்தான். எல்லாப் பாகமும் ஏறத்தாழ ஒரே ஆயுளோடு இருப்பதே கொரோலா நீடித்து உழைப்பதற்குக் காரணம். உலகில் ஒரே பெயரில் மிக அதிகமாக விற்ற கார் அதுவே. அப்பெயரில் இதுவரை விற்றவை 5 கோடியைத் தாண்டிவிட்டன.

இலங்கையில் இந்தப் பெயர் வேரூன்றியதற்கு வேறு சில காரணங்களும் உண்டு. ஜப்பானிலும் இங்கும் வாகனம் ஓடுவது இடப்பக்கத்தில்தான். அங்கே புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையும் செலவு மிக்க கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதால், நல்ல நிலையில் உள்ள கார்களையே பலர் ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அவை ரீகண்டிஷன் என்ற பெயரோடு இங்கே வந்து சேர்கின்றன. விமான நிலையத்துக்கும் கதிர்காமத்துக்கும் ஆட்களை ஏற்றிப் போகும், டொல்பின் என்று இங்கே அழைக்கப்படும் டொயோட்டா ஹைஏஸ் வான், எந்த ஊர்க் கராஜிலும் திருத்தக்கூடிய டீசல் எஞ்சினோடு, ஒரு தலைமுறை சாரதிகளின் பிழைப்பாகவே இருந்தது. பல ஆண்டுகள் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது விலை ஏறியது. விலை ஏற ஏற, பழுதை மறைத்து விற்கும் ஆசையும் ஏறியது.

தன் விதியைத் தானே மறந்தபோது டொயோட்டாவும் விழுந்தது என்பதை, அதன் மீது பற்றுள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் அது வாகன விற்பனையில் உலகின் முதலிடத்துக்கு வந்தது. 2009இலும் 2010இலும், கால்விரிப்பில் சிக்கிக்கொள்ளும் மற்றும் சரியாகத் திரும்பாத அக்சலரேட்டர் மிதிகளின் காரணமாகப் பல இலட்சம் வாகனங்களைத் திருத்திக் கொடுப்பதற்காகத் திருப்பி அழைக்க நேர்ந்தது. 2010 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றிய தலைவர் அகியோ டொயோடா, வளர்ச்சியின் வேகம் மிஞ்சிவிட்டதென்றும், முதலில் பாதுகாப்பு, அடுத்துத் தரம், அதன்பின்னரே எண்ணிக்கை என்ற வரிசை குழம்பிவிட்டதென்றும் ஒப்புக்கொண்டார். வாகனத்தைத் தானாக வேகமெடுக்க வைக்கக்கூடிய எலக்ட்ரோனிக் பழுது எதையும் நாசாவின் ஆய்வு கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் 120 கோடி டொலர் செலுத்த நிறுவனம் இணங்கியது. 2023 டிசம்பரில், அதன் முழு உரிமையிலுள்ள டைஹட்சு, பல ஆண்டுகளாகப் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது அம்பலமானது. பாதிக்கப்பட்ட 64 மாதிரிகளுக்குள் டொயோட்டா சின்னத்தோடு விற்கப்பட்டவையும் இருந்தன. பழுதைச் சொன்னால் கால அட்டவணை குலையும் என்று ஊழியர்கள் அஞ்சும் இடத்தில், இழுப்பதற்குக் கயிறு இருந்தும் பயனில்லை.

இனி என் மேசைக்கு வரும் வாகனங்களைப் பற்றிச் சொல்கிறேன். தறியில் நூல் அறுந்தால் தறி நிற்பதைப் போல, இன்றைய காரில் சென்சர் ஒன்று பிழை கண்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. விற்பனைக்கு வரும் பல வாகனங்களில் அந்த விளக்கை, காரணத்தைத் திருத்தாமல், காரின் கணினி பதிந்துவைத்த பிழைக்குறியோடு சேர்த்து, அதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியால் அழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். சாவியைத் திருப்பும்போது எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, கழற்றப்பட்ட அல்லது மறைக்கப்பட்ட விளக்காக இருக்கலாம். பிழைக்குறிகள் அழிக்கப்பட்ட பின் வாகனம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்ற விவரத்தைப் பல வாகனங்களில் ஸ்கேனர் மூலமே பார்த்துவிடலாம். அது மிகச் சிறிய தூரமாக இருந்தால், நான் வாங்குபவரிடம் காத்திருக்கச் சொல்கிறேன். விற்பவரின் சம்மதத்தோடு சில நாள் ஓடவிட்டு மறுபடி பரிசோதித்தால், அழிக்கப்பட்ட குறி பெரும்பாலும் திரும்பி வரும்.

மிகப் பெரிய செலவு ஹைபிரிட் பற்றரியில் இருக்கிறது. டொயோட்டாவின் பிரியஸ், அக்வா ஹைபிரிட் வாகனங்களின் பற்றரி செயலிழந்தால், ஜப்பான்காரரின் தரம் குறைந்துவிட்டதாகப் பலர் முடிவு செய்கிறார்கள். ஓனோ தம் ஆட்களுக்குப் பழக்கிய விதத்தில் ஏன் என்று ஐந்து முறை கேட்டுப் பாருங்கள். பற்றரி ஏன் போனது? அளவுக்கு மீறிச் சூடானது. ஏன் சூடானது? குளிர்விக்கும் காற்று போதவில்லை. ஏன் போதவில்லை? பின்னிருக்கையின் அருகிலுள்ள காற்று நுழைவாயில் தூசியால் அடைந்திருந்தது. ஏன் அடைந்தது? செம்மண் வீதியில் ஓடும் வாகனத்தில் அதை யாரும் துப்புரவு செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? அப்படி ஒரு வாயில் இருப்பதையே உரிமையாளருக்கு யாரும் காட்டவில்லை. சில நூறு ரூபாய் வேலை, பல இலட்சம் ரூபாய்ச் செலவாக மாறுவது இப்படித்தான். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சேர்விஸின்போதும் அந்த வாயிலையும் உள்ளிருக்கும் காற்றாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்; சாமான்களையோ குழந்தையின் துணிகளையோ அதன் முன் அடுக்காதீர்கள்; பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரின் குளிர்விப்புத் திரவம் எஞ்சினுடையதிலிருந்து வேறானது என்பதால், அதன் அளவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிலோமீட்டர் வாசிப்பை நான் ஒருபோதும் தனியாக நம்புவதில்லை. ஜப்பானிய ஏல அறிக்கையின் மூலப்பிரதி இருந்தால், அதிலுள்ள சேசி இலக்கத்தை வாகனத்தில் பொறிக்கப்பட்டதோடு ஒப்பிட்டு, ஏற்றுமதி ஆவணத்தில் காணும் தூரத்தோடும் சரிபார்க்கலாம். அறிக்கையில் ஆர் என்ற தரக்குறி இருந்தால், அது விபத்தில் உடைந்து திருத்தப்பட்ட வாகனம். பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்தும், ஸ்டியரிங் வளையம் வழுவழுத்தும், சாரதி இருக்கையின் ஓரம் அமுங்கியும் இருக்கும் காரில் 60,000 கிலோமீட்டர் காட்டப்பட்டால், எனக்கு அந்த எண்ணைவிட மிதியின் சாட்சியமே பெரிது.

பணத்தைவிட உயிருக்கு நெருக்கமான விடயம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் டொயோட்டா உட்படப் பல நிறுவனங்களின் வாகனங்களில் பொருத்தப்பட்டன. அவற்றை ஊதவைக்கும் அமோனியம் நைத்திரேற்று, நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் நிலைகெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சாரதியின் முகத்திலும் கழுத்திலும் வீசியடிக்கக்கூடும். பல நாடுகளில் மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன. நம்முடைய காலநிலை அதற்கு மிகவும் பாதகமானது. ஜப்பானில் இருந்தவரை அந்தக் காருக்கு விடுக்கப்பட்ட திருப்பியழைப்பு அறிவித்தல், கப்பலேறி இங்கே வந்தபின் புதிய உரிமையாளரின் வீட்டுக்குத் தபாலில் வராது. சேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு அதிகாரபூர்வ முகவரிடம் போங்கள். அல்லது டொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் அதைப் பதிந்து, நிறைவேற்றப்படாத திருப்பியழைப்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், காற்றுப்பை மாற்றப்படும்வரை முன்னிருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள். அந்த மாற்றம் சாரதியின் பைக்கே தேவைப்பட்டால், வாகனத்தை ஓட்டாமல் முதலில் முகவருடன் பேசுங்கள்.