துண்டு கேட்டு நிற்காதீர்கள்: கர்ப்ப காலத்தில் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

தேயிலைத் தோட்டத்தில் கர்ப்பிணிக்கு இரவில் இரத்தம் பட்டால், முதலில் துண்டு, அதாவது ஆஸ்பத்திரிக்குக் காட்டும் சீட்டு, வாங்கத்தான் ஆள் ஓடுகிறது. தோட்ட டொக்டர் எழுதித் தரும் அந்தத் துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இன்னும் நம்புகிறார்கள். அது தவறு. இலங்கையில் எந்த அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம். சிகிச்சை இலவசம். தோட்டத்து மருந்தகமான மருந்துக் காம்பராவில் டொக்டர் என்று இருப்பவர் பெரும்பாலும் வைத்திய உதவியாளர்தான். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனாலும் அவருடைய அனுமதி உங்களுக்குத் தேவையில்லை. தோட்ட மனேஜரான துரையின் அனுமதியும் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தலை வெடிக்கிறது என்று சொன்னாள். இரண்டு பனடோலைக் கொடுத்து, கிளினிக் நாளில் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். கிளினிக் நாள் வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அவள் பிழைத்தாள், வயிற்றுப் பிள்ளை பிழைக்கவில்லை. இதனால்தான் தலைவலியை முதலில் சொல்கிறேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்குதல், கண்முன் மின்னுதல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இவையெல்லாம் பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். மேல்வயிற்று வலியை 'கேஸ்' என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறிக்கிறவளுக்குக் கால் வீங்குவது வழக்கம்தானே என்று வீக்கத்தையும் விட்டுவிடுவார்கள். பிரஷரைப் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரத்தம் கொஞ்சம் பட்டாலும் எந்த மாதமானாலும் காட்ட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் குத்தி, மயக்கமும் வந்தால், பிள்ளை கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கக் கூடும். அதற்குக் காத்திருக்க நேரமே கிடையாது. வலி வராமலே பன்னீர்க்குடம் உடைந்தாலும், நாள் நிறையுமுன் வலி எடுத்தாலும், காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வலி வந்தாலும் விடியும்வரை இருக்கக் கூடாது.

ஏழு மாதம் தாண்டினால் பிள்ளையின் அசைவைத் தினமும் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றே போக வேண்டும். கடைசி மாதத்தில் பிள்ளை அமைதியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள்.

வாகனத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 2016-இல் தொடங்கிய இந்தச் சேவை இப்போது நாடு முழுக்க இருக்கிறது. அழைப்புக்கும் பயணத்துக்கும் காசு இல்லை. ஆனால் நம் ஊரில் வண்டி வழி தவறும். நாம் ஒரு தோட்டத்துக்கு ஒரு பெயர் சொல்வோம், பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கும். பலகையிலுள்ள பெயர், எந்தப் பிரிவு, கிட்டிய டவுன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி இன்றைக்கே சுவரில் ஒட்டி வையுங்கள். லயம்வரை வண்டி ஏறாது என்றால், ஒருவர் டோர்ச்சோடு பெரிய ரோட்டில் நிற்கட்டும். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். தோட்டத்து லொறி உடனே கிடைத்தால் அதில் போங்கள். மனேஜரின் கையெழுத்துக்காக லொறி நிற்கிறது என்றால் காத்திருக்காமல் முச்சக்கர வண்டியைப் பிடியுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலும் சில வார்த்தைகள் விழும். 'கிளினிக் நாளில் வா', 'நீ எங்கள் பகுதியில் பதிந்தவள் இல்லை', 'அடையாள அட்டை எங்கே', 'புருஷன் எங்கே' என்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் அலைகிறார்கள். மிட்வைஃபிடம் பதிவதற்கு முகவரி வேண்டும். அவசரத்துக்கு முகவரி வேண்டாம், கல்யாணப் பத்திரமும் வேண்டாம். கிளினிக் கார்டை மட்டும் மறக்காதீர்கள். இரத்த வகையும் முந்தைய பிரஷரும் அதில்தான் இருக்கும்.

மொழி தெரியாமல் வரிசையில் நின்று நேரம் போக விடாதீர்கள். சிங்களத்தில் மூன்று வாக்கியம் போதும்: 'லே யனவா' என்றால் இரத்தம் போகிறது. 'ஒலுவ ரிதெனவா' என்றால் தலை வலிக்கிறது. 'பபா ஹெல்லென்னே நே' என்றால் பிள்ளை அசையவில்லை. இதைச் சத்தமாகச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சின்ன ஆஸ்பத்திரிகளான பிரதேச வைத்தியசாலைகளில் பொதுவாக சிசேரியன் வசதி இருப்பதில்லை. அங்கே படுக்கையில் போட்டு, 'காலையில் பார்ப்போம்' என்று சொன்னால், பிரஷர் எவ்வளவு, பிள்ளையின் இதயத் துடிப்பு எப்படி, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ எப்போது அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். மாற்றி அனுப்ப வேண்டியிருந்தால் வாகனம் ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் வேலை. உங்களிடம் வான் பிடிக்கச் சொன்னால், சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முறையிட அது உதவும். ஆனால் அந்த நேரத்தில் சண்டை பிடித்து நிற்காமல் முதலில் தாயைக் கொண்டுபோங்கள்.

பேர் போடமாட்டார்கள், அதாவது அன்றைய நாள் கூலி போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைத்துக்கொண்டு மலைக்கு ஏறும் பெண்களும் உண்டு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. மூன்றாவது பிள்ளையானால் பிரசவ லீவு பாதிதான் என்று யாராவது சொன்னால், அது 2018 திருத்தத்தோடு போய்விட்டது. இப்போது எந்தப் பிள்ளைக்கும் 12 வாரம்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் கவனம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் துணி முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், நாற்றமடித்தால், குளிர்காய்ச்சல் அடித்தால், மறுபடி அந்தத் தலைவலி வந்தால், தீட்டு நாள் முடியட்டும் என்று உள்ளே வைத்திருக்காதீர்கள். உடனே 1990-க்கு எடுங்கள்.