ஹோம் வாரண்டி இருக்கே, இன்ஸ்பெக்‌ஷன் எதுக்கு?

இந்தக் கோடையிலும் அதே போன். வீடு வாங்கி நாலு மாதம் ஆகிறது, ஏசி படுத்துவிட்டது, ஹோம் வாரண்டி கம்பெனி கையை விரித்துவிட்டது. "நீங்க வந்து பார்த்து ஒரு ரிப்போர்ட் எழுதித் தர முடியுமா சார்?" வாங்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் செய்தது யார் என்று கேட்டேன். "யாரும் செய்யல சார். விக்கிறவங்களே ஒரு வருஷ ஹோம் வாரண்டி போட்டுக் கொடுத்தாங்க, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டோம்."

அமெரிக்காவில் வீடுகளைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் சுயநலத்தில் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். லட்சக்கணக்கில் டாலர் கொடுத்து வீடு வாங்குகிறவர்கள், சில நூறு டாலர் இன்ஸ்பெக்‌ஷனை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாரண்டித் தாளை வைப்பதை இனியும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஹோம் வாரண்டி என்பது ஒரு வருட சர்வீஸ் ஒப்பந்தம், அவ்வளவுதான். வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு டாலர் கட்டுகிறீர்கள். ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் எழுபத்தைந்திலிருந்து நூற்றிருபத்தைந்து டாலர் வரை தனியாகப் போகும். பயன்படுத்தித் தேய்ந்துபோன சாமான் பழுதானால் சரிசெய்து தருவார்கள். மரம் விழுந்தால், தீப்பிடித்தால் அது வீட்டு இன்சூரன்ஸின் வேலை. சுவருக்குள் குழாய் உடைந்தால் அந்தக் குழாயை ஒட்ட வாரண்டி ஆள் வரலாம். நனைந்து ஊறிய தரையைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தங்களிலும் ஒரு வரி இருக்கும்: ஒப்பந்தம் தொடங்கும் முன்பே இருந்த கோளாறுக்குப் பணம் கிடையாது. கொஞ்சம் தாராளமான கம்பெனிகள், 'கண்ணால் பார்த்தோ எளிய சோதனையிலோ தெரிந்திருக்க முடியாத' பழைய கோளாறு என்றால் ஏற்போம் என்று எழுதுகின்றன. சரி, தெரிந்திருக்க முடியாது என்று யார் சொல்வது? நீங்களா? வீட்டை யாருமே பரிசோதிக்கவில்லையே! நான் ஒரு வீட்டுக்குப் போனால் ஏசியை ஓட விட்டு, காற்று உள்ளே இழுபடும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பேன். சாதாரணமாகப் பதினைந்து முதல் இருபது டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் இருக்க வேண்டும். அந்த எண், தேதி, வெளி யூனிட்டின் போட்டோ எல்லாம் ரிப்போர்ட்டில் ஏறும். நாலு மாதம் கழித்து "இது பழைய கோளாறு" என்று கம்பெனி சொன்னால், அன்றைக்கு அது ஒழுங்காக ஓடியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஏசி துருப்பிடித்திருக்கிறது, ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது என்று நான் எழுதினால், அதே ரிப்போர்ட்டைக் காட்டிக் கம்பெனி மறுக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்காரரிடம் விலை குறைத்துக் கேட்டிருப்பீர்களே! வாரண்டிக் கம்பெனியிடம் ஒரு வருடம் மல்லுக்கட்டி வாங்கும் தொகையை, கையெழுத்துப் போடும் முன் ஒரே மின்னஞ்சலில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், வாரண்டி பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்காத இடங்கள். அஸ்திவார விரிசல், வீட்டை நோக்கிச் சரிந்திருக்கும் மண், பரணில் பூஞ்சை, தெரு வரை போகும் கழிவுநீர்க் குழாய். கூரை ஒழுகலுக்குத் தனிக் காசு கட்டினாலும் சின்ன ஒட்டு வேலைக்குத்தான் வரும். பெரிய செலவு வைப்பவை இவைதான்.

போட்டி அதிகம், இன்ஸ்பெக்‌ஷனில் கோளாறு தெரிந்தால் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுத்தால்தான் வீடு கிடைக்கும் என்கிறீர்களா? புரிகிறது. சாவி வாங்கிய முதல் வாரத்திலாவது ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து.

ஏசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தகராறு அதில்தான் அதிகம். ஏசிக்குள் ஓடிக் குளிரூட்டும் பழைய ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 தொடக்கத்தோடு அமெரிக்காவில் நின்றுவிட்டன. அடுத்து வந்த ஆர்-410ஏ வாயுவில் ஓடும், வீடுகளுக்கான புது ஏசிகளின் தயாரிப்பும் 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. இப்போது வருபவை ஆர்-454பி அல்லது ஆர்-32. ஆகவே வெளி யூனிட் செத்தால், புது வாயுவில் ஓடும் வெளி யூனிட்டைக் கொண்டுவந்து, வீட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பழைய காயிலோடு இணைக்க முடியாது. பெரும்பாலும் இரண்டையும் மாற்ற வேண்டிவரும், சில வீடுகளில் குழாயையும். ஒப்பந்தமோ பழுதான பாகத்துக்கு மட்டும் என்று சொல்லும். வாயு, பெர்மிட், பொருத்துவதற்கான மாற்ற வேலை, பழைய யூனிட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் உங்கள் தலையில் விழலாம். அதற்கு மேல் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் உச்சவரம்பு வேறு. 'கவர் ஆகும்' என்ற பதிலைக் கேட்டு ஆனந்தப்பட்டவர் கையில் பல ஆயிரம் டாலர் பில் வருவது இப்படித்தான். பணமாகக் கொடுத்துவிடுகிறோம் என்றால், அது கம்பெனிக்கு ஆகும் மொத்த வியாபார விலைக் கணக்கு. நீங்கள் வெளியே வாங்கும் கொட்டேஷனுக்குப் பக்கத்தில்கூட வராது.

வருகிற டெக்னீஷியன் மேல் பாயாதீர்கள். கம்பெனி பேசிய குறைந்த கூலிக்கு வருகிறார். கை நிறைய வேலை உள்ளவர்கள் ஜூலை மாதத்தில் இந்த அழைப்புகளை எடுப்பதில்லை, அதனால்தான் வெயிலில் நாள்கணக்கில் காத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. விற்பவர் காசில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சாமான்கள் பத்துப் பதினைந்து வருடப் பழசு, முன்பணம் கட்டியதில் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது என்றால், முதல் வருடத்துக்கு ஒரு தெம்புதான். வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும், கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறதே என்பது பெரிய விஷயம். ஆனால் யோசிக்காமல் வருடா வருடம் புதுப்பிக்காதீர்கள். அறுநூறு டாலர் வீதம் ஐந்து வருடத்துக்கு மூவாயிரம். அதைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால், டேங்க் வைத்த வாட்டர் ஹீட்டர் ஒன்றை மாற்றிவிட்டு மிச்சமும் இருக்கும். ஏசி முழுதாக மாற்றப் போதாது, உண்மை. உச்சவரம்பு வைத்த வாரண்டியும் அதற்குப் போதாது.

புது வீடு வாங்கியவர்கள் இதற்குப் பணம் கட்டுவதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டிய வேலையின் தரத்துக்கு ஒரு வருடம், வயரிங், குழாய், ஏசி அமைப்புகளுக்கு இரண்டு வருடம், கட்டமைப்புக்குப் பத்து வருடம் என்று பில்டரே வாரண்டி தருவது வழக்கம். ஏசி தயாரித்த கம்பெனியும் பாகங்களுக்குப் பெரும்பாலும் பத்து வருடம் தரும். பொருத்திய அறுபது அல்லது தொண்ணூறு நாளுக்குள் இணையத்தில் பதிவு செய்தால்தான் பத்து, இல்லாவிட்டால் பல கம்பெனிகளில் ஐந்து. பைசா செலவில்லாத அந்தப் பதிவைச் செய்யாமல் ஹோம் வாரண்டிக்குப் போவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் மாதிரி ஒப்பந்தத்தைக் கேளுங்கள். எது கிடையாது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள், விளம்பரத் தாளை அல்ல. வீடு வாங்கும்போது சேர்ந்து எடுக்காமல் பிறகு எடுத்தால் முதல் முப்பது நாள் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. ஏசி ஃபில்டரை மாற்றிய ரசீது, வருடாந்திர ஏசி சர்வீஸ் ரசீது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். 'பராமரிக்கவில்லை' என்று மறுக்கும்போது அந்த ஃபில்டர் ரசீதைத்தான் தேடுவீர்கள். பழுதானால் முதலில் கம்பெனியைக் கூப்பிடுங்கள். நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டுப் பில்லை அனுப்பினால் பெரும்பாலும் தர மாட்டார்கள். மறுத்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் கத்துவதால் ஆகாத காரியம், மாநில அதிகாரிகளுக்கு ஒரு புகார் போனால் சில நேரம் ஆகும். கலிபோர்னியாவில் இந்தக் கம்பெனிகள் மாநில இன்சூரன்ஸ் துறையின் கீழ்தான் வருகின்றன. மற்ற மாநிலங்களில் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "உங்கள் ஹோம் வாரண்டி காலாவதியாகப் போகிறது, உடனே அழையுங்கள்" என்று உங்கள் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயரும் வங்கி பெயரும் போட்டு ஒரு கடிதம் வரும். வீட்டுப் பத்திரப் பதிவு பொது ஆவணம், பெயரை அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நுகர்வோரை ஏமாற்றுவதைத் தடுக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் ட்ரேட் கமிஷனே இது பற்றி எச்சரித்திருக்கிறது. அந்த நம்பருக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் ஒப்பந்தம் இருந்தால் அதில் அச்சிட்ட நம்பரில் கேளுங்கள். இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள்.