கவுன்சிலரிடம் சொன்னீர்கள், சரி. எழுதிக் கொடுத்தீர்களா?

பருவமழை நெருங்கினால் கடலூரின் தாழ்வான தெருக்களில் ஒரே பேச்சுதான்: "கவுன்சிலர்கிட்ட எப்பவோ சொல்லிட்டோம், ஒண்ணும் நடக்கல." எங்கே சொன்னீர்கள்? ஒரு கல்யாண வீட்டில். மனு கொடுத்தீர்களா? இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு மாநகராட்சி வாசலில் கூடுகிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நேரத்தில் மோட்டார் வைத்து இறைப்பதற்கு மேல் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

கவுன்சிலர் நினைத்தால் நாளைக்கே வாய்க்கால் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. போட முடியாது. வேலை உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இல்லை. நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து அளக்க வேண்டும், மதிப்பீடு தயாராக வேண்டும், மாநகராட்சி மன்றத்தின் அனுமதி தேவையானால் பொருள் நிரலில் ஏறித் தீர்மானமாக வேண்டும். மன்றம் வழக்கமாக மாதம் ஒருமுறைதான் கூடும். 45 வார்டுகளும் அதே கூட்டத்தில்தான் தங்கள் வேலைகளைக் கேட்கும். பிறகு டெண்டர். 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வேலைக்கே ஒப்பந்தப்புள்ளி தாக்கல் செய்யக் குறைந்தது 15 நாள் விட வேண்டும், அதற்கு மேலென்றால் 30 நாள். ஒப்பந்தம், வேலை உத்தரவு எல்லாம் அதற்குப் பின்னால். ஆவணியில் கொடுத்த மனு ஐப்பசி மழைக்குள் வாய்க்காலாக மாறாது. தை, மாசியில் கொடுங்கள். பட்ஜெட் தயாராகும் நேரம் அது.

மனுவில் "எங்கள் பகுதியில் சாக்கடை சரியில்லை" என்று எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு பொறியாளர் எங்கே போய் நிற்பார்? தெருவின் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்த எண் வரை, சுமாராக எத்தனை மீட்டர், கடந்த மழையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, அது எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று எழுதுங்கள். தண்ணீர் நின்றபோது எடுத்த படத்தைச் சேருங்கள். ஒரு பிரதி கவுன்சிலருக்கு, ஒரு பிரதி மாநகராட்சி அலுவலகத்துக்கு. அலுவலகத்தில் பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். எண் இல்லாத மனுவைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

யாருடைய சொத்து என்பதையும் பாருங்கள். கெடிலம் ஆற்றின் கரை உடைப்பு நீர்வளத் துறையின் பொறுப்பு. பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை. தெருவிளக்கு மாநகராட்சியுடையது, கம்பமும் கம்பியும் பெரும்பாலும் மின்வாரியத்துடையவை. விளக்கு எரியவில்லை என்றால் கம்ப எண்ணைக் குறித்துக் கொடுத்தாலே போதும். துறை மாறிப்போன மனுவுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம் நல்ல வழி.

இன்னொன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கானவை. உங்கள் வார்டில் வென்றவர் ஒரு பெண் என்றால் மனுவை அவர் கையில் கொடுங்கள். அவர் கணவரிடம் கொடுக்காதீர்கள். மன்றத்தில் எழுந்து பேசவும் தீர்மானத்தில் வாக்களிக்கவும் உரிமை உள்ளவர் அந்த அம்மாதான்.

வேலை தொடங்கியதும் தெருவில் நான்கு பேர் நின்று பார்க்க வேண்டும். கடலோர ஊரில் நிலம் தட்டையாக இருப்பதால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவுதான் எல்லாம். 400 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற வாட்டத்தில் போட்டால் 200 மீட்டர் வாய்க்கால் அடிமட்டத்தில் அரை மீட்டர் இறங்க வேண்டும். மூடி போடுவதற்கு முன் மேல் முனையில் நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் தேங்கினால் அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். மூடி போட்டுப் பணம் பட்டுவாடா ஆன பிறகு சொல்லிப் பயனில்லை. சாலை போடும்போதும் அப்படித்தான்: பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயரும், உங்கள் வாசல் பள்ளமாகும்.

ஆறு நிரம்பி, கடலில் ஓதமும் ஏறி நீர்மட்டம் உயர்ந்த நாளில் வாய்க்காலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். எவ்வளவு நல்ல வாய்க்காலானாலும் அன்று வடியாது. அந்தச் சில மணி நேரத்தை வைத்துக் கட்டுமானத்தைக் குறை சொல்லாதீர்கள். நீர்மட்டம் இறங்கிய பின்னும் வடியவில்லை என்றால் அடைப்பு, அதைக் கட்டாயம் கேளுங்கள்.

தயவுசெய்து செப்டிக் டேங்க் குழாயை மழைநீர் வாய்க்காலில் சேர்க்காதீர்கள். அடைப்புகளில் பெரும்பகுதி அதிலும், அடுப்படியிலிருந்து வரும் எண்ணெயிலும் சோற்றிலும்தான் தொடங்குகிறது. அடைத்துவிட்டால் "ஆளை இறக்குங்க" என்று கவுன்சிலரை நெருக்காதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். 14420க்கு அழைத்து உரிமம் உள்ள வண்டியைக் கேளுங்கள்.

மனு கொடுத்தும் அசைவில்லை என்றால் 10 ரூபாய் செலுத்தித் தகவல் உரிமை மனுப் போடுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், பதில் வராது. இந்தப் பதிவு எண் மனு எந்தப் பிரிவில் இருக்கிறது, மதிப்பீடு தயாரா, தீர்மான எண் என்ன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் நகலை அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் கவுன்சிலர் கையில் கொடுத்துவிடுங்கள்.