சரக்கு ரயிலின் வாலில் ஒரு சின்ன வீடு

நம் ஊர் சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் அமெரிக்கப் பங்காளிதான் கபூஸ். கொஞ்சம் வசதியான பங்காளி. அடுப்பு, படுக்கை, எழுதுமேசை, கூரைமேல் சன்னல் வைத்த ஒரு கூண்டு என்று எல்லாம் உண்டு. அசல் தண்டவாளத்திலிருந்து 1980களில் மெல்ல மெல்ல விடைபெற்றுவிட்டது. ஹெச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருங்கி, மாடல் ரயில் பிரியர்களின் மேசைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினை விட்டுவிட்டு வாலைச் சேகரிப்பார்களா என்று கேட்கலாம். டீசல் எஞ்சின்களைச் செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான். ஒரே எஞ்சினைப் பல ரயில்வேக்கள் வாங்கித் தங்கள் வர்ணத்தைப் பூசிக்கொண்டன. கபூஸ் அப்படியல்ல. பல ரயில்வேக்கள் அதைச் சொந்தப் பட்டறையிலேயே கட்டின. பெயரில்கூட ஒற்றுமை கிடையாது: பென்சில்வேனியா ரயில்வேயில் ‘கேபின் கார்’, சாண்டா ஃபேயில் ‘வே கார்’, கனடாவில் ‘வேன்’.

அதன் உருவத்தில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. கூரைக் கூண்டையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலச் சரக்குப் பெட்டிகளில் உருளை பேரிங் கிடையாது. அச்சின் முனை ஒரு பித்தளைத் துண்டின் கீழ் சுழலும். எண்ணெயில் ஊறிய பஞ்சு நூல் கீழேயிருந்து அதை ஈரமாக வைத்திருக்கும். எண்ணெய் வற்றினால் உராய்வு கூடும், சூடேறும், பஞ்சு புகையும், கடைசியில் அச்சே முறிந்து ரயில் தடம்புரளும். அந்த முதல் புகையைப் பார்க்கத்தான் ஒருவர் கூண்டில் ஏறி உட்கார்ந்தார். பிறகு சரக்குப் பெட்டிகள் உயர்ந்துகொண்டே போக, கூண்டிலிருந்து தெரிந்தது முன்னால் நிற்கும் பெட்டியின் முதுகு மட்டும்தான். சரி, மேலே போக முடியாவிட்டால் பக்கவாட்டில் போவோம் என்று சிலர் சுவரிலேயே சன்னலைப் புடைத்து வைத்தார்கள். பால்ட்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே 1930இல் ஒரு சோதனைப் பெட்டி கட்டிப் பார்த்து, அப்புறம் அந்த வழியிலேயே போனது.

உள்ளே அடுப்பைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பெட்டிகளுக்கு இடையிலுள்ள இணைப்புகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. பெட்டிக்கு அரை அடி என்று வைத்தாலும் நூறு பெட்டிக்கு ஐம்பது அடி. எஞ்சின் நகரத் தொடங்கி ஐம்பது அடி போன பிறகுதான் கடைசிப் பெட்டிக்குச் செய்தி வரும். அதற்குள் எஞ்சின் வேகம் பிடித்திருக்கும். கபூஸோ நின்ற இடத்திலிருந்து ஒரே வெட்டில் அந்த வேகத்துக்குத் தாவ வேண்டும். காப்பிக் குவளையோடு நின்றவர் கதி என்ன ஆகும், பாருங்கள். சுவரெங்கும் கைப்பிடிக் கம்பிகள் இருப்பது இதற்காகத்தான்.

இந்தக் கம்பிகளில்தான் மாடல்காரரின் பாடு தொடங்குகிறது. அசல் கம்பி சுமார் 19 மில்லிமீட்டர் தடிமன். 87ஆல் வகுத்தால் 0.22 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லியதாக வார்த்தால் கை பட்டதும் ஒடியும். அதனால் மலிவு மாடல்களில் கம்பிகள் சுவரோடு ஒட்டிய தடித்த மேடுகளாக இருக்கும். அவற்றைச் செதுக்கி எடுத்து, கையால் உருட்டும் சின்னத் துளைப்பானால் ஓட்டை போட்டு, சுமார் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்துச் செருக வேண்டும். அளவு சற்றே கூடுதல்தான், கண் மன்னித்துவிடும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே விழும் நிழல்தான் முக்கியம்.

அடுத்தது எழுத்து. எண்ணும் பெயரும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலமாக வருகின்றன. மங்கலான, அதாவது பளபளப்பில்லாத வர்ணத்தின் மேல் நேரே ஒட்டினால் ஓரங்களில் வெள்ளி போலப் பளபளக்கும். மங்கல் பரப்பு நுண்ணிய அளவில் மேடுபள்ளமானது. பள்ளங்களில் காற்று சிக்கி, அங்கே ஒளி பட்டுத் திரும்புகிறது. அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் எழுத்து, படலத்தை இளக்கும் திரவம், கடைசியாக மீண்டும் மங்கல் வார்னிஷ். அவசரப்பட்டு முதல் படியைத் தாண்டியவர்களில் நானும் ஒருவன்.

அசல் வர்ணத்தையே வாங்கிப் பூசினாலும் தப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். நம் அறையில் சில நூறுதான். அதே சிவப்பு வீட்டுக்குள் கறுத்துப்போகும். துளி வெள்ளை கலந்தால் சரியாகிவிடும்.

உள்ளே விளக்கு வேண்டுமென்றால் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மின்சாரம் எடுக்கலாம். தூசி பட்ட இடத்தில் தொடர்பு கணநேரம் அறுந்து விளக்குச் சிமிட்டும். கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கெபாசிட்டரைச் சேர்த்தால் அந்தக் கணத்தை அது தாங்கிக்கொள்ளும்.

இத்தனை செய்தாலும், எந்த வருடத்துப் பெட்டி என்று முடிவு செய்யாவிட்டால் எல்லாம் குழம்பும். பென்சில்வேனியாவின் என்5சி வகையைப் பாருங்கள். 1942இல் கட்டப்பட்டது, கப்பலில் இருப்பது போன்ற வட்டச் சன்னல்கள். சிலவற்றின் கூரைமேல் வேலிபோல நீளக் குழாய் ஓடும். அது ஆன்டெனா, எஞ்சினோடு பேச வைத்த தொலைபேசிக்கு உரியது. அந்த முறை கைவிடப்பட்ட பின் குழாயும் போனது. 1968இல் ரயில்வேயே நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆகிவிட்டது. பென் சென்ட்ரல் பச்சை பூசி, கூரையில் அந்தக் குழாயையும் வைத்தால், விவரம் தெரிந்தவர் பார்த்ததும் புருவத்தை உயர்த்துவார். பழைய புகைப்படம்தான் இதற்கு வழிகாட்டி, அதிலும் தேதி போட்ட படம்.

கபூஸின் வேலையை இப்போது கடைசிப் பெட்டியின் இணைப்பில் தொங்கும் ஒரு பெட்டகம் செய்கிறது. பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை அளந்து ரேடியோவில் ஓட்டுநருக்கு அனுப்பும், சிவப்பு விளக்கைச் சிமிட்டும். புகையைப் பார்க்கும் வேலையைத் தடத்தோரம் பதித்த வெப்ப உணர்விகள் எடுத்துக்கொண்டன. ஹெச்.ஓ. அளவில் அந்தப் பெட்டகம் அரிசி மணி அளவுதான் வரும். அதற்கும் சிமிட்டும் எல்.இ.டி. வைத்து விற்கிறார்கள். நான் வாங்கவில்லை, என் மேசையில் எப்போதும் 1950கள்தான்.