பயனியர்: காலாளிலிருந்து முன்குடியேறி வரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்னோஃப்ளேக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பனித்துகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயர் வானத்திலிருந்து விழவில்லை, இரண்டு மனிதர்களிடமிருந்து வந்தது. எராஸ்டஸ் ஸ்னோ, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவ வழிச் சபையான மார்மன் சபையின் திருத்தூதர்களுள் ஒருவர். வில்லியம் ஜோர்டன் ஃப்ளேக், அந்த இடத்திலிருந்த பண்ணையை விலைக்கு வாங்கிக் குடியேற்றத்துக்கு வழிசெய்தவர். விலையையும் மாடுகளாகவே கொடுத்துத் தீர்த்தார். 1878ஆம் ஆண்டு இருவரின் குடும்பப் பெயர்களையும் சேர்த்து ஊருக்கு வைத்தார்கள்.

இந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஃப்ளேக் குடும்பத்தைப் 'பயனியர் குடும்பம்' என்பார்கள். நாம் அதை 'முன்னோடிக் குடும்பம்' என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் கால் தடுக்குகிறது. முன்னோடி நல்ல சொல்தான். ஆனால் இங்கே அது பொருளில் பாதியை வெளியே விட்டுவிடுகிறது.

பயனியர் என்ற சொல்லின் வேர் கால். 'பெஸ்' என்றால் லத்தீனில் பாதம். அதிலிருந்து பிற்கால லத்தீனில் கால்நடையாகப் போரிடும் வீரனைக் குறிக்கும் சொல் பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, படைக்கு முன்னே கோடரியும் மண்வெட்டியுமாகப் போய் மரம் வெட்டி, பள்ளம் நிரவி, பாதை போட்டுக்கொடுக்கும் ஆளுக்குப் பெயராக நின்றது. 1780இல் சென்னைக் கோட்டையில் திரட்டப்பட்ட 'மெட்ராஸ் பயனியர்ஸ்' படைப்பிரிவுகள் செய்ததும் இந்த வேலையைத்தான். இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவான இன்றைய மெட்ராஸ் சாப்பர்ஸின் தொடக்கம் அதுவே.

இந்த வேரின் இன்னொரு கிளை நம் அலுவலகங்களுக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துகீசியர் வழியாக வந்த 'பியூன்' அதே காலாள்தான். சதுரங்கத்தின் முன்வரிசைக் காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பான்' என்ற பெயரும் இதே குடும்பம். அந்தக் காயை நாம் காலாள் என்கிறோம். கால், ஆள் என்ற இரண்டையும் சேர்த்து நம் மொழி தானாகவே செய்துகொண்ட சொல், லத்தீன் சொல்லின் உட்பொருளோடு அச்சாகப் பொருந்துகிறது. சொல்லாராய்ச்சியில் இப்படி அமையும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் பயனியர் என்ற சொல் பிறகு விரிந்து, எந்தத் துறையிலும் முதலில் இறங்கியவரைக் குறிக்கத் தொடங்கியது. அறுவைச் சிகிச்சையின் பயனியர், வானொலியின் பயனியர் என்னும் இடங்களில் முன்னோடி கச்சிதமாகப் பொருந்தும். மார்மன்களின் வழக்கில் மட்டும் இந்தச் சொல் விரியாமல் இறுகியது. அவர்களிடம் இதற்கு ஒரு தேதி எல்லையே உண்டு.

சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1844இல் கொல்லப்பட்டார். 1846இல் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரைவிட்டு மார்மன்கள் வெளியேறத் தொடங்கினார்கள். பிரிகாம் யங் தலைமையில் முதல் குழு 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. அவர் வந்து சேர்ந்த ஜூலை 24 'பயனியர் நாள்' என்ற பெயரில் இன்றும் யூட்டா மாநிலத்தில் அரசு விடுமுறை. அடுத்த 22 ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 பேர் வந்து சேர்ந்தார்கள். 1869 மே 10 அன்று கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை இணைந்தது. அந்தத் தேதிக்கு முன் வந்தவர்தான் பயனியர். 1901இல் தொடங்கப்பட்ட யூட்டா பயனியர்களின் மகள்கள் சங்கம் உறுப்பினர் சேர்க்கையில் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. ஆக, ரயிலுக்கு முந்தியவர் என்பதே இங்கே சொல்லின் உள்ளடக்கம். அதாவது, வண்டியோடு நடந்து வந்தவர்.

1856 முதல் 1860 வரை வந்த பத்துக் கைவண்டிக் குழுக்களைப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். மாட்டுவண்டி வாங்க வசதியில்லாத ஐரோப்பிய ஏழைகளே அவர்களில் பெரும்பாலோர். ஏறக்குறைய 3,000 பேர். இரண்டு சக்கரம், ஒரு மரப்பெட்டி, முன்னால் ஒரு குறுக்குச்சட்டம். ஐந்து பேருக்கு ஒரு வண்டி. பெரியவர் ஒருவருக்கு 17 பவுண்டு சுமைதான் அனுமதி. ஏறக்குறைய எட்டு கிலோ. துணியும் படுக்கையும் பாத்திரமும் அதற்குள் அடங்க வேண்டும். அந்தச் சட்டத்தை மார்பில் தாங்கி இழுத்துக்கொண்டு 1856இல் அயோவா நகரத்திலிருந்து ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் நடந்தார்கள். தாமதமாகப் புறப்பட்ட இரண்டு குழுக்கள் அவ்வாண்டு வயோமிங்கில் பனியில் சிக்கின. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். லத்தீன் வேரில் இருக்கும் பாதம் அந்தப் பனியில் நடந்த பாதமாகத்தான் எனக்குத் தெரிகிறது.

வந்த இடத்தில் மண்வெட்டிக்கும் வேலை இருந்தது. பிரிகாம் யங் வருவதற்கு முதல் நாளே, முன்னே போனவர்கள் ஏர் பூட்டிப் பார்த்தார்கள். மண் இறுகிக் கிடந்தது, கலப்பை உடைந்தது. அருகே ஓடிய சிற்றாற்றை மறித்து நீரைத் திருப்பி, நிலத்தை நனைத்துவிட்டு உழுதார்கள். அங்கிருந்து வடக்கிலும் தெற்கிலும் நூற்றுக்கணக்கான ஊர்கள் முளைத்தன. பல ஊர்களுக்குத் தலைமை தாங்கிச் சென்றவரின் பெயரே ஊர்ப் பெயராயிற்று.

ஐடஹோவில் தாமஸ் ரிக்ஸ் பெயரால் அமைந்த ஊர் ரெக்ஸ்பர்க். ரிக்ஸ் ரெக்ஸாக உருமாறிப் பெயருக்குள் மறைந்துவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1887இல் சார்லஸ் ஓரா கார்டு அமைத்தது கார்ட்ஸ்டன். பிரித்தால் கார்டின் ஊர், நம் வாயில் கார்டூர். யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ், கிறிஸ்தவப் புனிதர் ஜார்ஜின் பெயர் என்று தோன்றும். அது சபைத் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஏ. ஸ்மித்தின் பெயர். யூட்டாவிலேயே உள்ள ஃபார் வெஸ்ட் என்ற ஊரைத் 'தூர மேற்கு' என்று யாராவது மொழிபெயர்த்துவிடுவார்களோ என்று எனக்கு அச்சம். அது லோரின் ஃபார், சான்சி வெஸ்ட் என்ற இருவரின் கூட்டுப்பெயர். 1830களில் மிசௌரியில் மார்மன்கள் அமைத்து, பிறகு துரத்தப்பட்ட ஊருக்கும் இதே ஒலிப்பில் பெயர். அங்கே மட்டும் தூர மேற்கு என்பதே பொருள். இத்தகைய ஊர்ப் பெயர்களை ஒலிபெயர்க்க வேண்டும், மொழிபெயர்க்கக் கூடாது.

இனி தமிழ்ச் சொல். படைக்கு முன்செல்லும் பிரிவுக்குத் தார், தூசி என்ற பழஞ்சொற்கள் உண்டு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்ற குறளில் வரும் தார் அதுதான். ஆனால் அவை போர்முனைக்கு உரியவை, பாதை வெட்டுவோருக்கு உரியவை அல்ல. கால் என்ற வேரை நினைத்து 'முன்னடியார்' என்று சொல்லிப் பார்த்தேன். அடியும் இருக்கிறது, பக்தியும் இருக்கிறது. ஆனால் தஞ்சை வட்டாரத்தில் முன்னடியான் காவல் தெய்வம், குழப்பம் வரும். 'முதற்குடிகள்' என்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. அந்த நிலத்தின் முதற்குடிகள் யூட், ஷோஷோனி, கோஷூட், பையூட் மக்கள். யூட்டா என்ற பெயரே யூட் மக்களிடமிருந்து வந்தது. வந்தேறியவர்களுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தால் இருந்தவர்களை ஒரு சொல்லால் அழித்தவர்களாவோம்.

என் பரிந்துரை முன்குடியேறி. முன்னே வந்தவர் என்பதும், வேறிடத்திலிருந்து வந்தவர் என்பதும் இரண்டுமே அதில் நிற்கின்றன. முன்குடியேறிக் குடும்பம், முன்குடியேறிகள் நாள் என்று சிக்கலில்லாமல் நீளும். அறிவியல், கலைத் துறைகளுக்கு முன்னோடியே இருக்கட்டும்.

ஸ்னோஃப்ளேக்குக்குத் திரும்புகிறேன். பள்ளத்தாக்கில் முதலில் நுழைந்த இருவரில் ஒருவர் எராஸ்டஸ் ஸ்னோ. 1847 ஜூலை 21. மலைப்பாதையைச் சீர்செய்துகொண்டு முன்னே சென்ற அந்த அணியில் இன்னொரு ஃப்ளேக்கும் இருந்தார். கிரீன் ஃப்ளேக். வில்லியம் ஃப்ளேக்கின் தந்தை ஜேம்ஸ் மாடிசன் ஃப்ளேக்கிடம் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். குடும்பம் வருவதற்கு முன் இடம் தயார்செய்ய அனுப்பப்பட்டவர். பிறர் கட்டளைப்படி முன்னே போய்ப் பாதை வெட்டும் ஆள் என்ற பழைய பொருளில் பயனியர் என்று ஒருவரை அழைக்க வேண்டுமானால் அவரைத்தான் அழைக்க வேண்டும். சால்ட் லேக் நகரிலுள்ள பிரிகாம் யங் நினைவுச் சின்னத்தில், முதல் குழுவின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்ற இருவரோடு 'கறுப்பின வேலையாட்கள்' என்ற தனித் தலைப்பின் கீழ்.