அடுத்த கமாண்டை அடிப்பதற்கு முன் அந்த எரரைப் படியுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"அண்ணா, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்போ ஆன் பண்ணா கறுப்புத் திரையில எழுத்து மட்டும்தான் வருது. புதன்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ."

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04. பயனர் பெயரைக் கேட்கும் ஒற்றை வரி திரையில் நின்றுகொண்டிருந்தது. அந்த வரி வந்தாலே எனக்குப் பாதி நிம்மதி. கோப்புகள் எங்கேயும் போய்விடவில்லை என்று அவரிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். உள்ளே நுழைந்து, மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் என்ற கருவி தன் வேலைகளை எழுதி வைக்கும் ஹிஸ்டரி லாகைத் திறந்தோம். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்று போனால் இருக்கும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் என்ன கமாண்ட் கொடுத்தார்கள், எது வந்தது, எது போனது எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பதிவில் நேரம் இரவு 11:42. கமாண்ட், ஆப்ட் ரிமூவ் பைத்தான்3. அதற்குக் கீழே நீக்கப்பட்டவற்றின் பட்டியல் திரை முழுக்க ஓடியது. அதில் ஜன்னல்களும் ஐகான்களும் கொண்ட திரையைத் தரும் உபுண்டு-டெஸ்க்டாப் இருந்தது, கமாண்ட் அடிக்கும் ஜன்னலான க்னோம்-டெர்மினல் இருந்தது.

"இதை ஏம்மா நீக்கினே?"

"பிப் எரர் காட்டுச்சு. பைத்தானை எடுத்துட்டு மறுபடி போட்டா சரியாயிடும்னு ஒரு இடத்துல போட்டிருந்தாங்க."

சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். வார இறுதிகளில் மாணவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன், கெட்டுப்போனதைச் சரிசெய்து கொடுக்கிறேன். இப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் முதலில் வந்த பிரச்சினை ரொம்பச் சின்னது. ஒரு லைப்ரரி (மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுத் துணைக்கோப்பு) இல்லை, ஒரு பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கணினி படுத்துவிடுவது அதற்கடுத்த அரைமணி நேரத்தில். பதற்றத்தில் இணையத்தில் கிடைத்த கமாண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைச் சேர்த்து அடிக்கும் அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த மாணவிக்கு முதலில் வந்த எரரையே பார்ப்போம். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று, பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் மறுத்திருக்கிறது. உபுண்டு 23.04-லும், உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலும் தொடங்கிய ஏற்பாடு இது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் அதே இடத்தில் பிப் வேறு பதிப்புகளைக் கொண்டுவந்து கொட்டினால் கணினியின் கருவிகளே தடுமாறும். அதனால்தான் 'இங்கே வேண்டாம், உனக்கென்று தனி இடம் அமைத்துக்கொள்' என்று அந்தச் செய்தி சொல்கிறது. அதோடு நிற்கவில்லை, பைத்தான்3-ஃபுல் என்ற பேக்கேஜை (மென்பொருள் பொதியை) நிறுவி ஒரு மெய்நிகர் சூழல் (வென்வ்) உருவாக்கும் வழியையும் அதே எரரில், நான்கைந்து வரி கீழே எழுதியிருக்கிறது. அவர் பார்த்தது முதல் வரியின் சிவப்பு நிறத்தை மட்டும். மீதியைப் படித்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

அவரைக் குறை சொல்லவில்லை. எரர் என்றால் திட்டு என்றுதான் நமக்குப் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இருபது வரி ஒரே மூச்சில் வந்து விழுந்தால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் ஆப்ட் தரும் எரர்களில் பெரும்பாலானவை ஒழுங்காக எழுதப்பட்ட விளக்கங்கள். எது தேவை, எந்தப் பதிப்பு தேவை, ஏன் கிடைக்கவில்லை என்று மூன்றையும் சொல்லிவிடும்.

சரி, ஒரு மென்பொருள் இன்னொன்றை நம்பியிருக்கும் இந்த டிபெண்டன்சி ஏன்தான் இருக்கிறது? விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லையே என்று எல்லோரும் கேட்கிறார்கள். விண்டோஸில் ஒரு மென்பொருள் பெரும்பாலும் தனக்கு வேண்டியதையெல்லாம் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. லினக்ஸில் சமையலறை பொது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஒரே லைப்ரரியை நூறு மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. 2014 ஏப்ரலில் அந்த லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற மோசமான ஓட்டை வெளியானபோது, உபுண்டு, டெபியன் சர்வர்களில் நாங்கள் செய்ய வேண்டியிருந்தது அந்த ஒரு லைப்ரரியைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்குவது. நூறு மென்பொருளும் நூறு பிரதி வைத்திருந்தால் நூறையும் தேடிப் போயிருக்க வேண்டும். இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை, எல்லா மென்பொருளும் ஒரே பதிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பது.

அந்த ஒத்துப்போதலைக் கவனித்துக்கொள்ளும் கருவி ஆப்ட். டெபியன் திட்டம் 1993-ல் தொடங்கியது. ஆப்ட் அதன் வெளியீட்டில் சேர்ந்ததோ 1999-ல், டெபியன் 2.1-ல். அதற்கு முன் டிபிகேஜி உண்டு. அது டெப் கோப்பு என்ற நிறுவல் பொதியைப் பிரித்துப் போடும், 'இன்னின்னது இல்லை' என்று சொல்லும், எங்கிருந்தும் கொண்டுவராது. இன்றைக்கு ஒரு டெப் கோப்பைப் பதிவிறக்கி டிபிகேஜி கொடுத்து நிறுவும் புதியவர், தெரியாமலே 1999-க்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிப் போகிறார். 'டிபெண்டன்சி ப்ராப்ளம்ஸ்' என்று வந்ததும், சொன்ன லைப்ரரியை இணையத்தில் தேடி அதன் டெப் கோப்பை எடுக்கிறார். அது இன்னும் இரண்டைக் கேட்கும். அந்த இரண்டும் ஐந்தைக் கேட்கும். பதிவிறக்கக் கோப்புறையில் இருபது டெப் கோப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்த லேப்டாப்பை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி எளிது. கோப்பு இருக்கும் இடத்துக்கே டெர்மினலில் போய், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டிக் கோப்பின் முழுப் பெயர். அந்தப் புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இருந்தால்தான் 'இது ரெப்போவில் (உபுண்டுவின் இணையக் கிடங்கில்) உள்ள பெயர் இல்லை, இங்கே கிடக்கும் கோப்பு' என்று ஆப்ட்டுக்குப் புரியும். தேவையானவற்றை ரெப்போவிலிருந்து அதுவே கொண்டுவரும். ஏற்கெனவே டிபிகேஜி கொடுத்துப் பாதியில் நிற்கிறதா? ஆப்ட் இன்ஸ்டாலோடு ஃபிக்ஸ்-ப்ரோக்கன் என்ற தெரிவைச் சேர்த்துக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து முடித்து வைக்கும், அல்லது முடியாத பேக்கேஜை எடுத்துவிடும். எதைச் செய்யப்போகிறது என்பதைத் திரையில் படித்த பிறகு மட்டும், சம்மதம் என்பதற்கான 'ஒய்' எழுத்தை அடியுங்கள்.

அதற்கும் மசியாத வழக்குகள் உண்டு. அடிக்கடி வருவது லிப்எஸ்எஸ்எல்1.1. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டது, பழைய 1.1 ரெப்போவிலேயே இல்லை. பழைய உபுண்டுவுக்காகக் கட்டிய டெப் கோப்புகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய ரெப்போவிலிருந்து அந்த லைப்ரரியை எடுத்துத் திணியுங்கள் என்று ஏராளமான குறிப்புகள் கிடைக்கும், நிறுவினால் வேலையும் செய்யும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்குப் பொதுவான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இப்படித் திணித்த லைப்ரரிக்கு உங்கள் கணினியில் பாதுகாப்புத் திருத்தம் தானாக வராது. அந்த மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேடுவதுதான் சரியான வேலை. நான் பார்த்தவரை பெரும்பாலும் இருக்கிறது.

24.04-ல் வேறொரு குழப்பம். லிப்அசவுண்ட்2 என்ற ஒலி லைப்ரரியைக் கேட்டால் 'அது வெறும் மெய்நிகர் பேக்கேஜ், நிறுவ எதுவும் இல்லை' என்கிற பொருளில் பதில் வரும். காணாமல் போகவில்லை. 2038-ல் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் என்பதற்காக நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை மறுபடி கட்டினார்கள். அப்போது பலவற்றின் பெயருக்குப் பின்னால் டி64 ஒட்டிக்கொண்டது. லிப்அசவுண்ட்2டி64 என்று கேட்டால் வந்துவிடும். ஆப்ட் தன் பதிலிலேயே அந்தப் பெயரைக் காட்டும்.

'பேக்கேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்றால் ஆப்ட் அப்டேட் கொடுத்தீர்களா என்று பாருங்கள். புதிதாக நிறுவிய கணினியில் பட்டியலே இறங்கியிருக்காது. அப்டேட் கொடுத்தும் 404 (கோப்பு இல்லை) வருகிறதென்றால் உங்கள் பதிப்பின் காலம் முடிந்திருக்கலாம். நீண்டகால ஆதரவு இல்லாத உபுண்டு பதிப்புகளுக்கு ஆயுள் 9 மாதம்தான்.

இந்த வரிசையில் என்னை அதிக நேரம் சுற்றவிட்டது ஒரு பழைய லேப்டாப். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்கு வந்திருந்தது. அப்டேட் கொடுத்தால் ஒவ்வொரு ரெப்போவுக்கும் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை' என்ற பொருளில் எரர். இணையம் இருக்கிறது, ரெப்போ முகவரியும் சரி. அந்தப் பையன் ஏற்கெனவே மூன்று தடவை உபுண்டுவை அழித்து அழித்துப் போட்டிருந்தான். 'இன்னும்' என்ற அந்தச் சொல்தான் இடறியது. திரையின் மேல் நடுவில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தால் ஆண்டு 2012. உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிமாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கடிகாரம் பின்னுக்குப் போய்விடுகிறது. ரெப்போவின் கோப்பில் இருந்த தேதி அந்தக் கணினிக்கு எதிர்காலம், அதனால் நம்ப மறுத்திருக்கிறது. கடைத்தெருவில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டதும் எல்லாம் ஓடியது. எரர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, மூன்று தடவையும்.

'லாக் (பூட்டு) கிடைக்கவில்லை' என்ற எரருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் பொறுங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் குறிப்பைப் பின்பற்றாதீர்கள். இரண்டு வேலை ஒரே நேரத்தில் ஆப்ட்டின் தரவுத்தளத்தில் எழுதினால் அப்புறம் உண்மையிலேயே பிரச்சினை வரும்.

2021 நவம்பரில் யூட்யூபில் பிரபலமான லினஸ் செபாஸ்டியன், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப் போனார். கேம் விளையாடுவதற்கான ஒரு மென்பொருள், அவ்வளவுதான். அன்றைக்கு ரெப்போவில் இருந்த ஒரு பேக்கேஜிங் கோளாறால், ஸ்டீம் வர வேண்டுமானால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. இது ஆபத்து என்று எச்சரித்து, 'ஆம், நான் சொன்னபடி செய்' என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்யவும் கேட்டது. அவர் செய்தார், டெஸ்க்டாப் போனது. கணினியோடே வாழ்கிறவருக்கு நடந்தது இது. அதற்குப் பிறகு, அத்தியாவசியம் என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ்களை இப்படி நீக்குவதை ஆப்ட்டில் கடினமாக்கிவிட்டார்கள். ஆனால் உபுண்டுவின் டெஸ்க்டாப் பேக்கேஜுக்கு அந்தக் குறி இல்லை. நம் மாணவியிடம் ஆப்ட் கேட்டது வெறும் ஒய் மட்டும்தான்.

அதனால் மற்ற எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் ஒய் அடிப்பதற்கு முன் ஒரு வரியைப் படித்துவிடுங்கள். இத்தனை மேம்படுத்தப்படும், இத்தனை புதிதாக நிறுவப்படும், இத்தனை நீக்கப்படும் என்று 24.04-ல் ஆப்ட் ஒரே வரியில் எண்ணிக்கை சொல்லும். 'டு ரிமூவ்' என்பதற்கு முன்னால் 0 இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வேறு எண் இருந்தால் மேலே போய் எவை என்று பாருங்கள். பெயரில் டெஸ்க்டாப், க்னோம், நெட்வொர்க் என்றெல்லாம் தெரிந்தால், வேண்டாம் என்பதற்கான 'என்' (N) எழுத்தை அடித்து வெளியே வந்துவிடுங்கள். ஒன்றும் குடி மூழ்கிப்போகாது.

ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற வேறு நிறுவல் முறைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். புதியவர்களுக்கு நல்ல வழிதான். அதுவும் கட்டுச்சோறுதான், டிபெண்டன்சி சண்டை உங்கள் கணினியின் மற்ற பாகங்களைத் தொடாது. மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். முதல் ஃபிளாட்பேக் தன்னோடு நூற்றுக்கணக்கான எம்பி அடித்தளத்தையும் இழுத்துக்கொண்டு வரும், அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடலாம்.

உதவி கேட்கும்போது திரையின் ஒரு மூலையை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். நீங்கள் கொடுத்த கமாண்ட், வந்த முழுச் செய்தி, உபுண்டுவின் பதிப்பு, இந்த மூன்றும் எழுத்தாகவே இருந்தால் நல்லது. அப்புறம், என்னைப் போல உதவுகிற ஆட்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 'இதை அடி' என்று ஒரு வரியை மட்டும் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது என்ன செய்யும் என்று கூடவே ஒரு வாக்கியம் எழுத அரை நிமிடம் ஆகுமா? பைத்தானை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அவர் ஏதோ ஒரு கணினியில் அதைச் செய்து தப்பித்திருக்கவும் கூடும்.

அன்றைக்குப் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் கொடுத்தோம். ஆப்ட் மட்டும் தப்பித்திருந்தது, அது பைத்தானை நம்பி ஓடுவதில்லை. உபுண்டு-டெஸ்க்டாப்பை மறுபடி நிறுவச் சொன்னதும் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே பட்டியல் போட்டுக் கொண்டுவந்தது. முந்தைய இரவு அவரை அழவைத்த அதே டிபெண்டன்சிதான் இப்போது போனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. நாற்பது நிமிடத்தில் பழைய திரை வந்துவிட்டது. வென்வ் போட்டு ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய லைப்ரரியை அவரையே நிறுவச் சொன்னேன், நான் விசைப்பலகையைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஆப்ட் தந்த பட்டியல் முழுதும் எழுத்தாகவே, மேலே கொடுத்த கமாண்டோடு. அதற்குக் கீழே: "அண்ணா, புதுசா 14 வருது, ரிமூவ் 0. ஆனா ஒண்ணு பேர்ல டி64 இருக்கு, அது அந்த 2038 விஷயம்தானே? ஒய் அடிச்சிடட்டுமா?"